செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

மாட்டுப் பொங்கல் வழக்கம்போல நடந்தது. தடுப்பூசி முகாமும் நடந்தது. மாதக் கூட்டத்துக்கு நான்கைந்து பேர் வந்தால் அதிகம். வாங்கி வைத்த டீயே மிச்சமாகிறது.

இனி, மூன்று வருடமாக மேய்ச்சலை நிறுத்தி வைத்திருக்கும் நம் கொறங்காட்டுத் துண்டு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம் பற்றி. "நிலம் சும்மா கிடக்குது, புல்லு வீணாப் போகுது" என்று டீக்கடையில் பேசிக்கொள்வது எனக்கும் எட்டாமல் இல்லை. அதே சொல்லைக் கூட்டத்தில் வந்து சொல்லியிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன்.

முதல் ஐப்பசி மழைக்கே, வெளியே ஆடு விட்டு வைக்காத நரிப்பயறு வேலிக்குள்ளே கொடி வீசியது. அடுத்த வருடம் கொழுக்கட்டைப் புல் தூர் கட்டி விதை கொட்டியது. ஆடு தொடாத கொழுஞ்சி வெளியே மண்டிக் கிடக்க, உள்ளே அது குறைந்தது. இதெல்லாம் வேலியின் பலன். மழை தவறியிருந்தால் வேலி மட்டும் எதையும் முளைக்க வைத்திருக்காது என்பதும் சரிதான்.

இந்த வருடம் தூரைப் பிரித்துப் பார்த்தால் நடுவே சாம்பல் நிறத்தில் காய்ந்த தாள்தான் அடைத்து நிற்கிறது. நடுவில் வெயில் படாததால் புதுக் குருத்து ஓரத்தில் மட்டும் வருகிறது. நரிப்பயறும் அந்த நிழலில் ஒடுங்கிவிட்டது. வெள்வேலங் கன்றுகளோ உள்ளே இருப்பதைவிட ஆட்டுப் பட்டி போட்ட இடத்தில்தான் அதிகம். காயை ஆடு தின்று புழுக்கையோடு போடும் விதை சீக்கிரம் முளைக்கிறது. நிலத்தை ஒரேயடியாக மூடி வைக்க நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை, தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாம். விதை கொட்டிய பிறகு சில நாள் மாட்டை உள்ளே மேய விட்டு, பிறகு வெளியே ஓட்டிவிடுவதே என் யோசனை.

தென் ஆஸ்திரேலியாவில் கூனமோர் என்ற வறண்ட இடத்தில் 1925-இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் சுமார் 390 ஹெக்டேரை வேலியடைத்து ஆடுகளை வெளியேற்றினார்கள். ஆடு போனது, முயல் போகவில்லை. 1970-களில் முயலைக் கட்டுப்படுத்திய பிறகே அங்கு பல புதர்களும் மரக்கன்றுகளும் தலையெடுத்தன. நம் வேலிக்குள்ளும் முயல் உண்டு. ராத்திரியில் வரும், கழுத்தில் மணி கட்டியிருக்கும். யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பட்டியல் நீளமானது. அதில் சிலர் வேலிச் செலவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

தண்ணீர் வண்டி தந்து உதவியவர்களுக்கும், தணிக்கை செய்து தந்தவருக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்புக்கு இளைஞர் யாராவது வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் அப்புறம் பார்க்கலாம். தெற்குப் பக்கம் கிளுவை வேலி இடைவெளி விட்டிருக்கிறது. மழைக்கு முன் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, ஊன்ற வேண்டும். போத்து வெட்டித் தருகிறேன் என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். குழி எடுக்க ஆள் வேண்டும், கூலிக்குப் பணம் வேண்டும். பொருளாளர் தினமும் சாயங்காலம் கடையில்தான் இருப்பார், ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்