ஒருதரம் வாசித்துக் காட்டு

ரங்கூன்
கார்த்திகை 10

என் கண்ணு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே நானும் தம்பியும் சுகம். மழை விட்டுவிட்டது. விடியற்காலையில் போர்வை தேடுகிற அளவுக்குக் குளிர் வந்திருக்கிறது. உன் ஊர்க் குளிருக்கு முன்னால் இதைக் குளிர் என்று சொல்லலாமோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், கூடவே நெட்டும் போய்விட்டது. நீ கடைசியாகச் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது. "நான் என்னம்மா கண்டுபிடித்தேன்? கேள்வி கேட்கிறவர் ஒருவர், பதில் எழுதுகிறவரும் அவரே. நடுவில் நின்று சரியா, சரியா என்று கேட்கிறவள் நான்." யாரோ ஒரு விருந்தில் "இத்தனை வருஷத்தில் என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டதாகச் சொன்னாயே, அதுதான் உன்னைக் குத்தியிருக்கிறது. மறுநாள் மறுபடி லைன் கிடைத்தபோது இங்கே இரவு எட்டு, அங்கே காலை எட்டரை. நீ ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாய். இதையெல்லாம் போனில் அவசரமாகப் பேசக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் ஒரு பெரியம்மா, உன்னைக் கைக்குழந்தையிலிருந்து தெரிந்தவர், "மகளுக்கு அங்கே என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். முன்பெல்லாம் "நாசா" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வேன். இப்போது அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அவரோடு படியில் உட்கார்ந்து விளக்கமாகவே சொன்னேன். நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ்ரே கதிர் நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதைப் பார்க்க ஒரு கண்ணைக் கொண்டுபோய் மேலே வைக்க வேண்டும். 1999 ஜூலை 23ஆம் தேதி அப்படி ஒரு கண்ணை அனுப்பினார்கள், அந்தத் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சந்திரனுக்குப் போகிற வழியில் மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை போய்த் திரும்புகிறது, ஒரு சுற்றுக்கு 64 மணி நேரம் போல ஆகிறது. எந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று உலகம் முழுவதிலுமிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எழுதிக் கேட்கிறார்கள். இருக்கிற நேரத்தைப் போலப் பல மடங்கு கேட்பதால் சிலருக்குத்தான் கிடைக்கிறது. கிடைத்தவர்களின் தாள் என் மகள் மேசைக்கு வரும். எந்தத் திசை, எந்தக் கருவி, எத்தனை நேரம், எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் என் மகள் மேலே அனுப்புவாள் என்றேன்.

"அப்போ கணக்கப்பிள்ளை உத்தியோகம்னு சொல்லு" என்றார் பெரியம்மா.

குறைத்துச் சொல்லவில்லை அவர். நானும் ஆமாம் என்றேன். சொல்லும்போது என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

நீ தாத்தாவைப் பார்த்ததில்லை. மொகல் தெருவில் செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். இரவு பெட்டி பூட்டுவதற்கு முன்னால், சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றிய ஒவ்வொரு தொகையையும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இன்னொருவர் பேரேட்டில் அந்த வரிமேல் விரலை வைத்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். விரல் வைக்காமல் ஆச்சு சொன்னது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று ஆனபோது, எத்தனையோ பேர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். தாத்தா ஏறவில்லை. பேரேடெல்லாம் போய், அந்த ஒரு பழக்கம்தான் வீட்டில் மிஞ்சியது. மளிகைச் சீட்டைக்கூட என்னை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து "ஆச்சு" என்பார்.

அந்தப் பழக்கத்தை நான் ஒருநாள் விட்டேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

உனக்கு அப்போது மூன்று வயது. நான் இரும்புக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மோல்மீன் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் வேலி கட்ட 12 கேஜ் கம்பி கேட்டிருந்தார். நான் சீட்டில் 21 என்று எழுதிவிட்டேன். கம்பிக்கு எண் ஏற ஏற மெலிசு என்பது உனக்குத் தெரியும். சாயங்கால லாரிக்கு நேரமாகிவிட்டது. வாசித்துக் காட்டவும் இல்லை, விரல் வைக்க ஆளும் இல்லை. பத்து நாள் கழித்து அவரே வந்து நின்றார். மோல்மீனுக்குப் பாலம் வராத காலம் அது. ஆற்றைப் படகில் கடந்து, மார்த்தபானில் ரயில் பிடித்து, ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் மேசைமேல் சுருளை வைத்தார். திட்டவே இல்லை. கம்பியின் ஒரு நுனியை இழுத்து, இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். நூல் மாதிரி வளைந்தது. "இதைக் கட்டி மாட்டை நிறுத்த முடியுமாம்மா?" என்றார். அவ்வளவுதான். முதலாளி வேறு கம்பி கொடுத்து அனுப்பினார், நஷ்டத்தையும் ஏற்றுக்கொண்டார். அன்று உனக்குக் காய்ச்சல் என்பதை நான் யாரிடமும் காரணமாகச் சொல்லவில்லை. அந்த வளைந்த நுனி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் கண்ணு, நீ அந்தக் கழித்தல் குறியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ அதை ஒரு வேடிக்கை போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஆராய்ச்சிக்காரர் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோட்டை விட்டுவிட்டார், தெற்கு வானத்தில் இருக்க வேண்டியது வடக்கே போய்விட்டது. நீ பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தாய். அங்கே ஒன்றும் இல்லை. "ஐயா, இந்த இடம்தானா?" என்று எழுதிக் கேட்டாய். அவருக்குக் கிடைத்திருந்தது 40 கிலோசெகண்ட், அதாவது நாற்பதாயிரம் வினாடி. பதினோரு மணி நேரத்துக்கு மேல். நீ கேட்காமல் இருந்திருந்தால் அத்தனை நேரமும் அந்தக் கண் வெறும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அவர் மறுபடி விண்ணப்பம் எழுதி, மறுபடி காத்திருந்து, மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் மாதிரி ஒருவர் உன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. நிற்காதபடி நீ பார்த்துக்கொண்டாய். இதைக் கண்டுபிடிப்பு இல்லை என்று எவர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

2018 அக்டோபரில் நடந்ததையும் நீதான் சொன்னாய். திசை காட்டும் கருவி ஒன்று மூன்றே மூன்று வினாடி தப்பான எண்ணைக் கொடுத்தது. அதை நம்பி உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டு, சந்திரா எல்லா வேலையையும் நிறுத்திப் பாதுகாப்பாக ஒடுங்கிக்கொண்டது. தேறி வேலைக்கு வரப் பத்து நாள் போல ஆனது. மூன்று வினாடி! எண்ணோடு பழகியவர்களுக்குத்தான் அதன் பயம் தெரியும்.

அந்தக் காமிரா கதையை நான் தம்பிக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா. மேலே போன சில வாரங்களிலேயே, பூமியைச் சுற்றியிருக்கிற கதிர்வீச்சு வளையத்துக்குள் போய் வரும்போது, கண்ணாடி வழியாகவே புரோட்டான்கள் புகுந்து, காமிராவின் பத்துச் சில்லுகளில் எட்டுக்குப் பார்வை மங்கிவிட்டது. யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று அடித்துக்கொண்டிருக்காமல், அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் வளையம் வருவதற்கு முன்னால் காமிராவை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். வண்டி வரும்போது தெருவில் விளையாடுகிற குழந்தையைத் தூக்கித் திண்ணையில் உட்கார வைக்கிற மாதிரி. மங்கிய சில்லுகளையும் கணக்குப் போட்டுத் திருத்தித் திருத்தி இன்றுவரை வேலை வாங்குகிறார்கள். இப்போது சந்திராவின் வெப்பம் தடுக்கும் போர்வையும் பழசாகிவிட்டது, ஒரே பக்கம் வெயில் பட விட்டால் சூடேறிவிடும், அதனால் தோசையைத் திருப்புவது போலத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வைக்க வேண்டும் என்கிறாய். ஒரு வயதான ஜீவனைப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரர்களாகத்தான் உங்கள் எல்லோரையும் நினைக்கிறேன்.

2017 ஆகஸ்ட் 17ஆம் தேதி இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய செய்தி எட்டியபோது உலகமே கொண்டாடியது. 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் நடந்த மோதல். சந்திரா முதலில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் பார்த்தபோது எக்ஸ்ரே தெரிந்தது. அப்புறம் சூரியன் குறுக்கே வந்துவிட்டது, டிசம்பர்வரை அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. சூரியனுக்கு 46 பாகைக்குள் சந்திரா பார்க்காது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டுரை எழுதியவர்கள் பெயர் பத்திரிகையில் வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே போட்டிருந்த வாரத் திட்டத்தைக் கலைத்து, சூரியன் மறைப்பதற்குள் இந்த நாள், இந்த மணி என்று பிடித்துக் கொடுத்த கைகள் யாருடையவை? விருந்தில் உன்னைக் கேட்டவருக்கு அது தெரிந்திருக்காது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் உனக்குத் தெரியும். நீயே அவர் மாதிரிப் பேசலாமா?

இன்னொன்று. எந்த மனிதரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்களோ, அந்தச் சந்திரசேகரை எடுத்துக்கொள். லாகூரில் பிறந்தாலும் நம் தமிழ்க் குடும்பம், படித்தது மதராஸ் மாநிலக் கல்லூரி. 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே போட்ட கணக்கு, 1983இல் நோபல் பரிசுவரை போனது. இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. 1952 முதல் 1971 வரை, 19 வருஷம், வானியல் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். மற்றவர்கள் எழுதியதைப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தி, அச்சுக்கு அனுப்பினார். தன் கணக்கையே போட்டுக்கொண்டிருக்க முடியாதா அவரால்? மற்றவர் கணக்கைப் பார்ப்பதும் தன் வேலை என்று உட்கார்ந்தாரே, அவர் பெயர் போட்ட வாசலில்தான் நீ தினமும் நுழைகிறாய்.

2024இல் பணத்தை வெட்டப்போகிறார்கள் என்று வந்த செய்தியிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும், வந்தால் இரண்டு அறையும் ஒரு அடுப்பும் இருக்கிறது. அந்தப் பயத்தை வேலை சின்னது என்ற எண்ணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. இரண்டும் வேறு வேறு.

இங்கே நான் சாதத்துக்கு உன் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஒரு கிலோசெகண்ட். பதினாறு நிமிஷம் நாற்பது வினாடி. குழையவே இல்லை. தம்பிகூட "ஒரு கிலோசெகண்டில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போகிறான்.

சிங்கப்பூருக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து தபாலில் போடுவார். காய்ந்த இறாலில் பலாச்சாங் கொஞ்சம் வறுத்து வைத்தேன், தபாலில் போகாதாம், அவரே சாப்பிடட்டும் என்று கொடுத்துவிட்டேன். நீ வரும்போது புதிதாக வறுத்துத் தருகிறேன்.

உறையில் உன் முகவரியைத் தம்பிதான் எழுதினான். உன் ஊரின் தபால் எண் சைபரில் தொடங்குகிறது. முன்னால் வருகிற சைபருக்கு மதிப்பில்லை என்று அதை விட்டுவிட்டான். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் பட்டது, பேரேட்டில் அதற்கு மதிப்பில்லைதான். உன் பழைய உறையை எடுத்து வைத்து, புது உறையில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எண்ணாக வாசிக்கச் சொன்னேன். சைபர் என்றான். நான் உன் பழைய உறைமேல் விரலை வைத்து, ஆச்சு என்றேன்.

அன்புடன்,
அம்மா