வெள்ளைத் துணி கட்டிய கிட்டிகள்

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். 1990 மார்ச்சில் படை திரும்பிவிட்டது. முப்பது வருஷம் கழித்தும், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து எங்கள் வரப்பில் நடக்கும்போது அவர் கண் கண்ணிவெடிக் கம்பியைத்தான் தேடும்.

தஞ்சாவூர்க் கிட்டி உங்களுக்குத் தெரியும். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, எலிக்காக வயலில் வைப்பது. சம்பா கதிர் வரும் சமயம் ராத்திரியில் ‘படக்’கென்று அடிக்கும். நாம் புரண்டு படுப்போம். அவர் கட்டிலுக்கு அடியில் கிடப்பார். இரண்டு தடவை என்னையும் இழுத்துப் போட்டு மேலே கவிழ்ந்துகொண்டார்.

கிட்டி வைக்கும் அண்ணனிடம் கூச்சத்தோடுதான் சொன்னேன். மறுநாளே எங்கள் வீட்டை ஒட்டிய வயலில் கிட்டிக்குக் கிட்டி குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டிவிட்டார். சாயங்காலம் வாசலில் நின்று, “மச்சான், இன்னைக்கு முப்பது வெச்சிருக்கேன்” என்று கணக்கும் சொல்வார். இவர் சத்தத்தை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவார்.

மாரியம்மன் திருவிழாக் கமிட்டிக்கும் நன்றி. வேட்டு வேண்டாமென்று நாங்கள் கேட்கவில்லை. சொல்லாமல் வெடிப்பதுதான் இவருக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் பையனை அனுப்பி நேரம் சொல்கிறீர்களே!

குடி என்றவர்கள் உண்டு, பேய் என்றவர்களும் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு, மனநல உதவிக்கான அரசாங்க எண் 14416-க்குப் போன் போட்டேன். காசில்லாமல், தமிழிலேயே அரை மணி நேரம் பேசிய அந்தப் பெண்ணுக்கு நன்றி. அவர் சொல்லித்தான் தஞ்சாவூர் போனோம். டாக்டர், பி.டி.எஸ்.டி. என்றார்; சண்டை மாதிரி பயங்கரத்தைப் பார்த்தவர்களுக்கு அப்புறமும் விடாமல் வரும் மனநோயாம். 1980-லேயே மருத்துவப் புத்தகத்தில் ஏறிய பெயராம். எங்கள் வீட்டுக்கு வர இத்தனை காலம். கெட்ட கனவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையா என்று உங்களைச் சந்தேகப்பட்டேன் டாக்டர், மன்னியுங்கள். சண்டையில் இவரை விடாமல் துரத்தும் அந்த ஒரு நாளை வாராவாரம் இவரைச் சொல்ல வைத்தீர்கள். முதலில் இன்னும் மோசமானது. அப்புறம்தான் என்னிடமே சொல்லாதது வந்தது: எதிரே அடிபட்டுக் கிடந்தவரும் “அம்மா” என்றுதான் கத்தினாராம்.

முழுக்கக் குணம் என்று சொல்லமாட்டேன். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், வாசலில் நின்று கூப்பிடுங்கள். அப்புறம் கிட்டி அண்ணே, இந்தச் சம்பாவுக்குத் துணி பத்தாவிட்டால் சொல்லுங்கள். அவருடைய பழைய வேட்டி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெரு மிலிட்டரிக்காரர் வீட்டம்மா