மல்லிகாவுக்கு, கார்த்திகைக்கு மறுநாள்

சிங்கப்பூர்
4.12.2025

அன்பு மல்லிகா,

ஆறு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாதவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும். திட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? பெர்த்தில் வெயில் கொளுத்துகிறதாமே. இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முட்டி வலி, எனக்கு அவர். லெட்சுமி டீச்சர் இன்னும் அதே கைப்பையோடுதான் தேக்கா சந்தைக்கு வருகிறார், சத்தியமாக.

சரி, விஷயம் இதுதான். காசிக்குப் போய் வந்தேன். நீயும் நானும் போவதாக எத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தோம்! கடைசியில் யாரோடு போனேன் தெரியுமா? அத்தையோடு. "மாமியாரைக் காசிக்குக் கூட்டிப் போனியே, திரும்பக் கூட்டி வந்தியாடி?" என்று நீ கேட்பது இங்கே வரைக்கும் காதில் விழுகிறது. கூட்டி வந்தேன். ஆனால் நடுவில் ஐம்பது நிமிஷம் தொலைத்துவிட்டேன். அவரிடம் இதுவரை சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வடக்கே தீபாவளி முடிந்து பதினைந்தாம் நாள் பௌர்ணமியில் இன்னொரு தீபாவளி வருகிறது, தேவ தீபாவளி. இந்த வருஷம் நவம்பர் 5. சிவன் முப்புரம் எரித்த சந்தோஷத்தில் தேவர்களே கங்கைக் கரைக்கு இறங்கி வந்து விளக்கேற்றுகிறார்கள் என்று ஐதீகம். அத்தைக்கு இதைக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. "முப்புரம் எரிச்சது எங்க திருவதிகையில. இவங்க என்னடான்னா இங்க விளக்கேத்துறாங்க!" பண்ருட்டிக்காரியிடம் வாய் கொடுக்க முடியுமா?

காசிக்குப் போனால் ஒரு காயும் ஒரு பழமும் விட வேண்டும் அல்லவா. நான் பாகற்காயையும் பேரிக்காயையும் விட்டேன். சிரிக்காதே, நீயாக இருந்தால் புடலங்காயை விட்டிருப்பாய். பண்ருட்டியில் பிறந்தவர் பலாவை விடுவார் என்றுதான் நினைத்தேன். "பலாவை விட்டா ஊரை விட்ட மாதிரி. நான் டுரியானை விடுறேன்" என்று தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார். டுரியானை! வருஷா வருஷம் கேலாங்கில் ஒவ்வொரு பழமாகத் தட்டி, முகர்ந்து, கடைக்காரனோடு சண்டை போட்டு வாங்குகிற மனுஷி. எனக்கு என் பேரிக்காயை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் படகுக்குக் கேட்ட விலைக்கு பாத்தாம் தீவுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்திருக்கலாம். வேண்டாம் என்று கேதார் கட்டத்துப் படிகளிலேயே உட்கார்ந்தோம். பக்கத்திலேயே குமரகுருபரர் மடம். சுற்றிலும் தமிழ்க் குரல்கள், பாதிப் பேர் தஞ்சாவூர்ப் பக்கம். முதலில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒலிபெருக்கி, தள்ளுமுள்ளு, ஆளாளுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அப்புறம் இருட்டியது. அங்கே ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊரும் எண்பத்துச் சொச்சம் படித்துறைகளும் மேற்குக் கரையில், எதிர்க்கரை வெறும் மணல். அந்த மணலுக்கு மேலே பௌர்ணமி நிலா ஏறுகிறது, இந்தப் பக்கம் படி படியாக அகல் விளக்கு ஏறுகிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு நாம் பார்க்கும் விளக்குகள் தலைக்கு மேலே தொங்கும். இங்கே காலடியில். நடக்கவே கூசுகிறது.

தென்பக்கம் கொஞ்ச தூரத்திலேயே அரிச்சந்திரன் கட்டம். அங்கே அன்றைக்கும் பிணம் எரிந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, மறைக்கவும் இல்லை.

இன்னும் நாலு அகல் வாங்கலாம் என்று எழுந்தேன். இரண்டு நிமிஷம்தான். திரும்பி வந்தால் அத்தை இல்லை.

மல்லிகா, அந்தக் கூட்டத்தில் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணியை எப்படித் தேடுவது? எல்லாருக்கும் நரைத்த தலை, எல்லாரும் சேலை. என் இந்தி சினிமாப் பாட்டு இந்தி. போலீஸ்காரரிடம் "மா, மா" என்று அழுதேன், அவர் கங்கையைக் காட்டிக் கும்பிட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது தண்ணீரைப் பார்க்கவே பயம்.

கடைசியில் அரிச்சந்திரன் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தார். முன்பின் தெரியாத நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு அகலாக எண்ணெய் ஊற்றிக்கொண்டு. நான் மூச்சு வாங்க நிற்கிறேன், நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார்: "சரசு, திரி நனைஞ்சிருக்கா பாரு."

சரசு அண்ணி, அத்தையின் மகள். அவர் போய் எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் பேசாமல் திரியைப் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து, "எங்கடி போய்த் தொலைஞ்சே, உன்னைத் தேடித் தேடிக் கால் வலிக்குது" என்று பழைய அத்தையாக என்னைத் திட்டினார். கூட்டம், களைப்பு, மகள் நினைப்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்றுத் திருக்கார்த்திகை. தாழ்வாரத்தில் வரிசையாக விளக்கு வைத்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை, மாக்கோலம் வேறு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி வழக்கம்போல வந்து ரசித்துவிட்டு ஒரு பெட்டி டுரியான் கொடுத்தார். அத்தை மூன்று சுளை சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர்தான், "என்னம்மா, காசியில விட்டீங்கல்ல?" என்றார். "எப்போ காசிக்குப் போனோம்?" என்று அத்தை கேட்டிருந்தால் எனக்குத் தெளிவாகியிருக்கும். கேட்கவில்லை. "யாரு விட்டா?" என்றார், விரலை நக்கிக்கொண்டே, சிரித்தபடி. அது மறதியா குறும்பா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

உன் அம்மா வீட்டுச் சாவியை அரிசி டப்பாவில் போட்டதை நீ எழுதியபோது நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வயசானா அப்படித்தான்டி, விடு." அதற்கப்புறம் நீ அம்மாவைப் பற்றி எனக்கு எழுதவே இல்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு மன்னிப்பை இத்தனை தாமதமாக, அதுவும் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டிய நேரத்தில் கேட்கிறேன். கேவலம்தான்.

சாவிக்கு முன்னால் வேறு ஏதாவது நடந்ததா? ஆளை மாற்றிக் கூப்பிட்டாரா? மருத்துவரிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போனாய்? பலதுறை மருந்தகம் என்றாலே அத்தை, "எனக்கென்ன கேடு?" என்பார். இவருடைய மகனிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் சொல். அவருக்குத் தெரிந்தால் முதலில் அம்மாவைத் தொலைத்ததற்குத்தான் என்னைப் பிடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கோயிலுக்குப் போய்விடுவார். பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அத்தை பக்கத்தில் இருந்தால் நான் டுரியான் விலை பேசுவேன், புரிந்துகொள்.

உன்
வசந்தா