வாபஸ் வாங்கியது எந்த வரியை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்திரிகைகள் செய்த பெரும் பிழைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தியவன் நான். பிழையைப் பற்றி யார் எழுதினாலும் கையில் பென்சிலோடுதான் படிக்க உட்காருவேன். அமெரிக்க ராணுவத்தின் கைதி முகாமான குவாண்டனாமோ பற்றிய பத்தி வரைக்கும் பென்சிலுக்கு வேலை இல்லை. அங்கே, "2005இல் நியூஸ்வீக் வெளியிட்ட குர்ஆன் அவமதிப்பு என்ற பொய்ச் செய்தியால் ஆப்கானிஸ்தானில் பலர் உயிரிழந்தனர்" என்று ஒரு வாக்கியம். அதில் இரண்டு இடங்களில் வட்டம் போட்டேன்.

முதல் வட்டம் 'பொய்' என்ற சொல்லுக்கு. மே 9 தேதியிட்ட இதழில் நியூஸ்வீக் என்ற அமெரிக்க வார இதழ் போட்டது ஒரு சிறு குறிப்பு. குவாண்டனாமோவில் விசாரணை செய்தவர்கள் கைதிகளை நிலைகுலைய வைப்பதற்காகக் குர்ஆனைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டார்கள், ராணுவத்தின் உள்விசாரணையே அதைக் கண்டறிந்திருக்கிறது என்றது அது. சொன்னவர் பெயர் வெளியிடப்படாத ஓர் அரசு அதிகாரி. அச்சுக்குப் போகுமுன் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவரிடம் காட்டினார்கள். அவர் வேறொரு தகவலை மறுத்தார், இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மேசையில் இதற்கு மன்னிப்பே கிடையாது. பிறகு தகவல் தந்தவரும், தான் படித்தது அந்த அறிக்கையில்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பின்வாங்கிவிட்டார். மே 16 அன்று இதழ் செய்தியை வாபஸ் வாங்கியது.

எந்த வரியை வாபஸ் வாங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். ராணுவ உள்விசாரணை கண்டறிந்தது என்று தான் எழுதியதைத்தான். குவாண்டனாமோவில் குர்ஆன் அவமதிக்கப்படவே இல்லை என்று நியூஸ்வீக் எழுதவில்லை. அப்படி எழுதவும் முடியாது. முன்னாள் கைதிகள் பலர் முன்பே சொல்லிவந்த குற்றச்சாட்டு அது. செஞ்சிலுவைச் சங்கம் தான் கண்டதைப் பெரும்பாலும் வெளியே பேசாது. அதுவே, 2002, 2003ஆம் ஆண்டுகளில் இத்தகைய நம்பத்தக்க புகார்களைப் பென்டகனிடம் தெரிவித்ததாக அந்த மே மாதம் ஒப்புக்கொண்டது. வாபஸ் வாங்கிய ஒன்பதாம் நாள், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் 2002ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று வெளியானது. காவலர்கள் குர்ஆனைக் கழிப்பறையில் போட்டதாக ஒரு கைதி சொன்னது அதில் பதிவாகியிருந்தது. பின்னர் விசாரித்தபோது அவர் அதை உறுதிப்படுத்தவில்லை என்றது பென்டகன். இருக்கட்டும்.

மிச்சத்தை ராணுவமே எழுதியது. முகாமின் தளபதி பிரிகேடியர் ஜெனரல் ஜே ஹூட் நடத்திய விசாரணையின் முடிவு ஜூன் 3, வெள்ளிக்கிழமை மாலை வெளிவந்தது. (யார் கண்ணிலும் அதிகம் படக்கூடாத செய்திகள் வெள்ளிக்கிழமை மாலைதான் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.) கழிப்பறைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. கைதிகளே தங்கள் பிரதிகளைத் தவறாகக் கையாண்டதாகப் 15 சம்பவங்களைப் பட்டியலிட்டது. கூடவே, தம் ஆட்கள் குர்ஆனைத் தவறாகக் கையாண்ட ஐந்து சம்பவங்களை உறுதி செய்தது. ஒருவர் காலால் உதைத்திருக்கிறார். ஒப்பந்த விசாரணையாளர் ஒருவர் மிதித்திருக்கிறார். இரவுக் காவலர்கள் எறிந்த தண்ணீர் பலூன்களில் பிரதிகள் நனைந்திருக்கின்றன. ஒரு காவலர் கழித்த சிறுநீர் காற்றுத் துளை வழியாக ஒரு கைதியின் மேலும் அவருடைய குர்ஆன் மேலும் தெறித்திருக்கிறது. வேண்டுமென்று செய்ததல்ல என்கிறது அறிக்கை. இன்னொரு பிரதியில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் வசை. எழுதியது யார் என்று முடிவாகவில்லை. இவை ராணுவத்தின் சொந்தத் தாளில் உள்ளவை. இதற்குப் பிறகும் மொத்தத்தையும் 'பொய்ச் செய்தி' என்று எழுதினால், பிழை நியூஸ்வீக்கிடமிருந்து நம் பக்கத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

அந்தப் படை ஒழுங்குவிதிகளையே அறியாதது என்றும் சொல்லிவிட முடியாது. 2003 ஜனவரியிலேயே குவாண்டனாமோவில் எழுத்து வடிவில் உத்தரவு இருந்தது. குர்ஆனைத் தொட நேர்ந்தால் சுத்தமான கையுறை அணிய வேண்டும், இரண்டு கைகளாலும் எடுக்க வேண்டும், அருங்கலைப் பொருளைப்போல் கையாள வேண்டும், தரையிலோ கழிப்பறை அருகிலோ வைக்கக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் இத்தனை நுணுக்கமாக ஒரு விதி எழுத வேண்டி வந்தது ஏன் என்று வாஷிங்டன் விவாதத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்?

இரண்டாவது வட்டம் 'செய்தியால்' என்பதில் உள்ள 'ஆல்' உருபுக்கு. ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத் நகரில் தொடங்கிப் பரவிய கலவரத்தில் குறைந்தது 15 பேர் இறந்தனர். இறப்புகளுக்கு நியூஸ்வீக்கைக் குற்றம் சாட்டிக் குரல் எழுப்பியது வெள்ளை மாளிகை. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்புதான், அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் மையர்ஸ், கலவரத்துக்கும் அந்தச் செய்திக்கும் தொடர்பில்லை, அது உள்நாட்டு அரசியல் சார்ந்தது என்று ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கத் தளபதி கருதுவதாகப் பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார். மே 23 அன்று அமெரிக்க அதிபர் புஷ்ஷின் பக்கத்தில் நின்றபடியே அன்றைய ஆப்கன் அதிபர் ஹமீத் கர்சாயும் ஏறக்குறைய அதையே சொன்னார். செய்திக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இம்ரான் கான் பாகிஸ்தானில் அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய பிறகுதான் கொதிப்பு ஏறியது. ஆனால் ஒற்றை வேற்றுமை உருபில் முழுப் பழியையும் ஏற்றிவிட முடியாது.

உங்கள் கட்டுரையாளர் தொடாத ஒன்றையும் சேர்க்கிறேன். 2012 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையின் பக்ராம் தளத்தில், கைதிகள் நூலகப் புத்தகங்களில் குறிப்பெழுதித் தகவல் பரிமாறுகிறார்கள் என்ற சந்தேகத்தில் அகற்றப்பட்ட நூல்கள் எரிகுழிக்குப் போயின. அவற்றில் குர்ஆன் பிரதிகளும் இருந்தன. இம்முறை பழிபோட எந்தப் பத்திரிகையும் அகப்படவில்லை. அங்கிருந்த படைகளின் தளபதி ஜெனரல் ஜான் ஆலன் உடனே மன்னிப்புக் கேட்டார், ஒபாமாவும் கர்சாய்க்குக் கடிதம் எழுதினார். அப்போது அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் தேர்தல் காலம். எரித்தது சரியா என்பதைவிட மன்னிப்புக் கேட்டது சரியா என்றுதான் வேட்பாளராக முயன்ற நியூட் கிங்ரிச் போன்றோர் சண்டையிட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் போட்ட அதே கூச்சல், ஆள்தான் மாறியிருந்தது.

எனவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில், 'பொய்ச் செய்தி' என்பதை 'உறுதிசெய்யாமல் வெளியிட்ட செய்தி' என்று மாற்றுங்கள். 'செய்தியால்' என்பதைச் 'செய்தியை அடுத்து' என்று போட்டால் போதும். ஹூட் அறிக்கைக்கு ஒரு வரி இடம் கொடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த ஐந்து சம்பவங்களை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
திருச்சி