காது காயும் வரை

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதோடு எனக்கு இன்னும் நாலைந்து நாள் கை சும்மாதான் இருக்கும். ஒரு காது காய வேண்டியிருக்கிறது. யார் காது என்று பின்னால் சொல்கிறேன்.

நீ கூரியரில் அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. 200 கார்டு. உங்கப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றே சத்தமாக வாசித்தார். என் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் சரி. நடுவில் 'சுயம்பு ஓவியர்' என்று போட்டிருக்கிறாய் பார், அங்கே நிறுத்திவிட்டார். "சுயம்புன்னா லிங்கம்லா? அப்போ இனிமே உனக்குக் காப்பி கிடையாது, பாலாபிஷேகந்தான்" என்று சிரித்தவர் இன்று வரை நிறுத்தவில்லை. பால்காரர் வந்தால்கூட என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாப்பா. நீ பெருமையாகத்தான் போட்டிருக்கிறாய், தெரியும். ஆனால் நான் மண்ணைப் பிளந்துகொண்டு தானாக வந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் படம் படிக்கவில்லை என்று போட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன், அது உண்மை. இந்த ஒரு சொல்லில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை எல்லாம் அழித்துவிட்டாயே. அவர்களில் பாதிப் பேருக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே தெரியாது என்பது வேறு.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி, தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்ட அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். 144 பெட்டி ஒரு குரோஸ், கூலி குரோஸ் கணக்கு. லேபிள் கட்டில் எப்போதாவது அச்சு தப்பினது வரும். அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஓரமாகப் போட்டுவிடுவோம். ஒருநாள் ஒரு கிளிப் படம் அப்படி வந்தது. கிளி பச்சையாகத்தானே இருக்க வேண்டும்? அதில் உடம்பின் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கிளி, வலது ஓரத்தில் ஒரு நீலக் கிளி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நடுவில் மட்டும் பச்சை. அன்றைக்குத்தான் பச்சை என்று தனியாக ஒரு மையே அதில் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. மஞ்சளை ஒரு தடவை, நீலத்தை ஒரு தடவை அடித்திருக்கிறார்கள். நீலம் ஒரு நூல் விலகிவிட்டது, குட்டு வெளிப்பட்டுவிட்டது. பாவாடை இடுப்பில் சொருகி வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் அச்சு தப்பினது ஒன்றைக்கூடக் குப்பைக்குப் போகவிடவில்லை. சரியாக அச்சான லேபிள் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. பிசகினதுதான் எல்லாம் சொல்லித்தந்தது. அந்தக் கிளியை அச்சடித்த ஆள் சிவகாசியில் எங்கேயோ இருந்திருப்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

இன்னொருவர் பெயர் ஊருக்கே தெரியும். கொண்டையராஜு. 1898ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்து நம் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். நம் பக்கத்து வீடுகளில் பூஜை அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற லட்சுமியும் முருகனும் பாதி அவர் கையில் வந்தது, மீதி அவருடைய சீடர்கள் கையில் வந்தது. 1976ல் அவர் இறந்தபோது எனக்கு 14 வயது. அதே ஊரில் இருந்தும் ஒரு தடவைகூட அவரை நேரில் பார்த்ததில்லை. லேபிள் ஒட்டுகிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? ஆனால் ஆபீஸ் சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. அதன் நேர் எதிரேதான் என் பலகை. மூன்று வருஷம் அந்த லட்சுமியைப் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். கழுத்து நிறைய நகை, அத்தனையும் ஜொலிக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் தங்கக் கலர் ஒரு பொட்டுகூட இல்லை. மங்கின மஞ்சள், அதன் பக்கத்தில் காவி, அதற்குப் பக்கத்தில் காப்பிக்கொட்டை நிறம், உச்சியில் ஊசிமுனை அளவு வெள்ளை. அவ்வளவுதான். கடையில் தங்கக் கலர் டப்பா விற்கிறார்களே, அதை வாங்கிப் பூசினால் நகை பித்தளையாகிவிடும். இதை எனக்கு யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அதனால் நானாகக் கண்டுபிடித்தேன் என்று ஆகிவிடுமா?

கையை ஆட்டாமல் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தது மேலத்தெரு அண்ணாச்சி. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்த ஊர்ச் சுவரெல்லாம் அவர் எழுத்துதான். கட்சிச் சின்னம், உரக்கடை, சோடா கம்பெனி எல்லாம். ஒரு கம்பின் நுனியில் துணிப்பந்து கட்டி, அதைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் கையை வைத்து எழுதுவார். இப்போதும் நான் கண் வரையும்போது அதே மாதிரிக் கம்புதான், நீ பார்த்திருப்பாய்.

அவர்தான் என் மானத்தையும் காப்பாற்றினார். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு மிராசுதார் படம் எழுதிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டில் முதன்முதல் எண்ணெய்க் கலரில் செய்தது. பின்னால் இருட்டாக இருக்கட்டும் என்று கறுப்பில் நிறைய லின்சீட் ஆயில் விட்டுக் குழைத்து அடியில் பூசினேன். மினுமினுவென்று அழகாக இருந்தது. அது காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை, மேலே டர்பன்டைனில் கரைத்த கலரை மெலிசாகப் போட்டேன். மறுநாளே மேலே உலர்ந்துவிட்டது. எனக்குப் பரம சந்தோஷம். இரண்டு வருஷத்தில் அந்தப் படத்தை அவர்கள் வீட்டு வேலைக்காரர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால், சித்திரை மாதக் கரிசல் காடு. தாடையிலிருந்து நெற்றி வரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் அண்ணாச்சி வந்து நகத்தால் ஒரு செதிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அடியில ஊறிக் கெடக்கு, மேல காஞ்சு கெடக்கு. கரிசல் வெடிக்கது வேற எதுக்கு?" என்றார். பெயின்ட் அடிக்கிறவருக்குத் தெரிந்தது அது. தண்ணீர் உலர்வது போல எண்ணெய் உலராது, காற்றைக் குடித்துத்தான் இறுகும், அதிலும் கறுப்புக்கு அவசரமே கிடையாது என்று விவரமாக நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால். அந்தப் படத்தைக் காசு வாங்காமல் திரும்ப எழுதிக் கொடுத்தேன். இப்போது அடிக்கு எண்ணெயே விடுவதில்லை. மேலே போகப் போகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேன்.

நீ கேட்டிருந்தாய், நாள் பூரா அப்படி என்னதான் செய்கிறாய் என்று. காலையில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி இறக்கினால் ஒன்பதரை. அதற்குமேல் பின்கட்டு ரூம்தான். புத்தகத்தில் வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் வருஷம் பூராவும் மாறாது, அதுதான் உத்தமம் என்று போட்டிருக்கும். அதை எழுதினவர் நம் ஊருக்கு வந்ததில்லை. சித்திரை பிறந்ததும் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே சாய்கிறது. ஆவணி பாதி வரைக்கும் நடுமத்தியானம்கூட வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த நாலரை மாசமும் அப்பாவின் பழைய வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுகிறேன். வேட்டி வழியாக வருகிற வெளிச்சம் மோர் மாதிரி இருக்கும், முகம் எழுத நன்றாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் நிறத்தை நம்ப முடியாது. கட்டம் போடுவது, சட்டத்தில் துணி இழுத்து அடிப்பது, பிரஷ் கழுவுவது எல்லாம் அப்போதுதான்.

வருகிற வேலை முக்காலும் செத்தவர்கள் படம். வருஷ திவசத்துக்குள் வேண்டும் என்று ஆதார் அட்டையைக் கொண்டுவருவார்கள். ஆதார் போட்டோவில் யாருமே அவர்களாக இருப்பதில்லை, பாப்பா. போலீஸ் பிடித்த மாதிரி இருப்பார்கள். முகத்தில் நிழலே இருக்காது. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, அரை சென்டிமீட்டர் கட்டம் போட்டு, துணியில் அதற்கு இரண்டு அங்குலக் கட்டம் போட்டு ஏற்றுவேன். முகம் வந்துவிடும். கழுத்துக்குக் கீழே? அட்டையில் கழுத்தோடு சரி. அதற்கு உங்கப்பாவை நாற்காலியில் உட்காரவைப்பேன். இந்த ஊரில் போய்ச் சேர்ந்த ஆம்பளைகள் முப்பது நாற்பது பேருக்கு உங்கப்பா தோள்தான், உங்கப்பா கைதான். போன மாசம் ஒரு வீட்டுத் திவசத்தில் சாப்பிடப் போனவர், மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "என் கை இன்னொருத்தன் மடியில கெடக்கு, எனக்கு எலையில சோறு எறங்கல" என்றார்.

இப்போது காது விஷயம். வைகாசியில் ஒருவர் வந்தார், அறுபது வயதிருக்கும். அவர் அம்மா படம். ஆதாரில் அந்த ஆச்சியின் காது வெறுங்காது. துளை மட்டும் வடமாக நீண்டு தொங்குகிறது. "பாம்படம் போட்டு எழுதணும்" என்றார். கிணறு வெட்ட அடகு வைத்ததாம். கிணற்றில் தண்ணீரும் வரவில்லை, பாம்படமும் திரும்பி வரவில்லை. அப்போது அவருக்குப் பத்து வயதாம்.

பாம்படம் போட்ட காதை நான் பார்த்தே பல வருஷம் ஆகிறது. உங்க பூட்டி போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதே தவிர உருவம் மறந்துவிட்டது. எட்டயபுரம் பஸ்ஸில் ஒரு ஆச்சி போட்டுக்கொண்டு ஏறினதைப் பார்த்து, நான் போக வேண்டிய இடத்தில் இறங்காமல் அவர் பின்னாலேயே போனேன். "என்னத்த இப்பிடிப் பாக்கே?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "வரஞ்சுக்கோ" என்று தலையைத் திருப்பிக் காட்டினார். சதுரமும் உருண்டையும் சேர்ந்து ஒரு குட்டிக் கட்டடம் மாதிரி இருக்கும் அது. உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. "முழுசும் தங்கம்னா காது என்னத்துக்கு ஆகும்?" என்றார். அவர் பேசப் பேசத் தோளில் முட்டி முட்டி ஆடியது. நான் பார்க்க வேண்டியிருந்தது நகையை இல்லை. அந்த எடைக்குக் காதின் சதை எங்கே மெலிகிறது, எங்கே மடிகிறது என்பதைத்தான்.

எழுதி முடித்தேன். காலண்டர் லட்சுமியின் அதே மஞ்சள், காவி, காப்பிக்கொட்டை. போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிப்போக வந்தவர் தன் சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய அம்மாள். கிட்டே போய் நின்றார், மூக்கு படத்தில் உரசுகிற தூரம். எனக்குக் கலர் ஒட்டிவிடுமோ என்று பதற்றம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எடது காது தப்பு" என்றார். அக்காளுக்கு இடது காது கல்யாணத்துக்கு முன்பே அறுந்துபோனதாம், மறுபடி ஒட்டித் தைத்ததாம். அதனால் அந்தப் பக்கப் பாம்படம் எப்போதும் கொஞ்சம் ஏறித்தான் நிற்குமாம். தைத்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்குமாம். தன் காதையே பிடித்துக் காட்டினார், இங்கே, இந்த அளவு, ஒரு மிளகு பெரிசு. மகனுக்கே அது தெரியவில்லை. அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பிடியே இருக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் தரவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டேன்.

இடது காதைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். முடிச்சும் வைத்திருக்கிறேன், மிளகு அளவு. சதைக்கு வெள்ளை கலக்காமல் முடியாது. வெள்ளை சீக்கிரம் காயாது. அதுதான் காத்திருக்கிறேன்.

பணம் கூடக் கேள் என்கிறாய். 16க்கு 20 அங்குலத்துக்கு இப்போது 3,500 வாங்குகிறேன். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் செய்து அரை மணியில் 600க்குக் கொடுக்கிறான், பாம்படமும் போட்டுத் தருவானாம். இருந்தாலும் தை மாசத்திலிருந்து 4,000 கேட்கலாம் என்றிருக்கிறேன். உனக்காக.

கார்டைப் பற்றி மனசு கஷ்டப்படாதே. நல்ல தடிப்பு அட்டை, பின்பக்கம் வெள்ளை, வழவழப்பு இல்லை. கலர் தொட்டு நிறம் பார்க்க அதைவிட நல்லது கிடைக்காது. நாற்பது தீர்ந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், அந்தக் காது நிறம் வருவதற்கு முன்னால் எத்தனை தப்பு நிறம் வந்தது என்று அதில் வரிசையாக இருக்கிறது.

பூஜா லீவுக்கு வரும்போது பெரிய ட்யூப் வெள்ளை இரண்டு வாங்கி வா, இங்கே சின்னதுதான் கிடைக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கப்பா பெட்டியைத் திறந்து திறந்து எண்ணிப் பார்க்கிறார், குறைகிறது.

அம்மா