காது இரைச்சலுக்கு ஒரு செயலி

அன்புள்ள தம்பி,

உன் நோயாளிகளுக்கு ஏன் போன் செயலிகளை எழுதிக் கொடுப்பதில்லை என்று கேட்டதற்கு, "நான் படிச்சது மருந்து எழுத, அப் எழுத இல்லை" என்று போனில் சொல்லிச் சிரித்தாய். பக்கத்தில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் காது இரைச்சலுக்கு எங்கள் குடும்ப டொக்டர் கடைசியில் செயலிதான் எழுதித் தந்தார். அதுவும் நான் கேட்டபிறகுதான். நல்ல மனுசன், ஆனால் கேட்டதும் முகம் மாறிவிட்டது. கணினியில் ஏதோ தேடினார், பிறகு உதவியாளரைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைதான் அரசாங்கம் ஏற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து, ரெசெப்டில், அதுதான் மருந்துச்சீட்டில், எந்த இலக்கம் போடுவது என்று காட்டிக் கொடுத்தது. இங்கே ஜேர்மனியில் டொக்டர் செயலியையும் எழுதித் தரலாம், காப்புறுதி காசு கட்டும் என்ற சட்டம் வந்தது 2019 டிசம்பரில். 2020 ஒக்டோபரில் பட்டியலில் முதலில் ஏறிய இரண்டில் ஒன்றே காது இரைச்சலுக்கானது! இன்னும் ஃபாக்ஸை விடாத நாடு, என்ன செய்வது.

நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிலவற்றைப் பலன் முழுதாக நிரூபிக்க முன்னமே ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாகச் சேர்க்கிறார்கள். முதல் வருட விலையையும் கம்பனியே வைக்கிறது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் எது தற்காலிகம், எது நிரந்தரம் என்று அதே பட்டியலில் இருக்கிறதே. ஆய்வை வாசித்துவிட்டு இது வேண்டாம் என்று சொல், கேட்கிறேன். திறந்தும் பார்க்காமல் எல்லாம் வேண்டாம் என்கிறாயே, அதைத்தான் கேட்கமுடியவில்லை.

ரெசெப்டைக் காப்புறுதிக்கு அனுப்ப, செயலியைத் திறக்க எழுத்தும் இலக்கமுமாய் 16 கொண்ட குறியீடு கடிதத்தில் வந்தது. குளிசைக்கு 5 யூரோவாவது கட்டுகிறோம், இதற்கு ஒரு சதமும் இல்லை. 90 நாளைக்குப் பாவிக்கலாம். இரைச்சல் நிற்கவில்லை. நிறுத்துவேன் என்று அதுவும் சொல்லவில்லை. இரைச்சலோடேயே நித்திரை கொள்ளப் பழக்குகிறது, கவனத்தை வேறு பக்கம் திருப்பப் பயிற்சி தருகிறது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஆனால் எல்லாம் டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், நீட்டு நீட்டு வசனங்கள். "உங்களுக்கு வாசிக்க ஏலுமா, போனில் இடம் இருக்கா" என்று எழுதித் தந்தவர் கேட்கவே இல்லை. அடுத்த முறை போனபோது பிரஷர் பார்த்தார், இரத்தம் எடுத்தார், செயலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டிருந்தால் நான் நாலாம் பாடத்திலேயே நிற்பது தெரிந்திருக்கும். குளிசை தந்தால் "ஒழுங்காகப் போடுறீங்களா" என்று கேட்கிறவர்தான் அவர்.

உன்னிடம் வரும் வயதானவர்களில் என்னைப்போல எத்தனை பேர் இருப்பார்கள்? டொக்டர்மார் இலவசமாகத் திறந்து பார்க்கப் பல கம்பனிகள் வழி வைத்திருக்கின்றன. எழுத முதல் ஒரு பின்னேரம் நீயே நோயாளியாக இருந்து பார். எழுதினால் அடுத்த முறை கேள். இவ்வளவுதான் நான் சொல்வது.

ஈஸ்டருக்கு வரும்போது என் போனில் திறந்து காட்டுகிறேன், ஒரு மணித்தியாலம் இருந்து பார். அப்புறமும் எழுதமாட்டேன் என்றால் எழுதாதே.

அன்புடன்,
அம்மா