டீ வையிலிருந்து மாமாவுக்கு: வெந்நீர் டேங்க் மாற்றும் வேலை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அத்தையும் பிள்ளைகளும் நலம்தானே?

போன வாரம் போனில், "நல்லா ஓடிட்டிருக்க கீசரைக் கழத்திப் போட்டுட்டு ஏசி மாதிரி ஒண்ண மாட்டுதாங்களாமே, என்னத்துக்கு?" என்று கேட்டீர்கள். அதன் பெயர் ஹீட் பம்ப், வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்குகிற கருவி. போனில் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஏசி வேலை பார்க்கிற உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியைத்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

டீ வை என்பது சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதி. கிழக்கே நேராகப் பசிபிக் கடல், அலை உடைகிற திறந்த கடற்கரை. இங்கே நம் ஊர் மாதிரி குளியலறைக்கு ஒரு 15 லிட்டர் கீசர் கிடையாது. வீட்டுக்கு ஒரே டேங்க், 250 முதல் 315 லிட்டர், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும். குளியலறை, சமையலறை, துணி துவைக்கிற இடம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் குழாய். உள்ளே 3.6 அல்லது 4.8 கிலோவாட் காயில், அதாவது மின்சாரத்தில் சூடாகிற கம்பி. பழைய வீடுகளில் இது பெரும்பாலும் இரவில்தான் ஓடும். அதற்கென்று மீட்டரில் தனி சர்க்யூட், மலிவுக் கட்டணம். கண்ட்ரோல்டு லோடு என்பார்கள். கேஸில் ஓடுகிற வீடுகளும் நிறைய.

கணக்கைப் பாருங்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். 200 லிட்டரை அங்கிருந்து 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 10.5 யூனிட் வேண்டும். காயில் என்றால் அது முழுவதும் மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் என்றால் சி.ஓ.பி., அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் சூடு கிடைக்கிறது என்ற கணக்கு, 3.5 என்று வைத்துக்கொண்டாலும் 3 யூனிட்டில் முடிந்துவிடும். மீதி 7.5 யூனிட் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரிதான்: எவாப்பரேட்டர் வெளியே காற்றிலிருந்து சூட்டை இழுக்கும், கண்டன்சர் டேங்கைச் சுற்றியிருக்கும், அல்லது தனியாக ஒரு பிளேட்டில் தண்ணீரைச் சூடாக்கும். உள்ளே சுற்றுகிற குளிரூட்டி வாயு பழைய மாடல்களில் ஆர்-134ஏ. இப்போது புரொப்பேன், அதாவது ஆர்-290, நிறைய வருகிறது. கார்பன் டை ஆக்சைடில் ஓடுகிறவையும் உண்டு, குளிரிலும் அவை நன்றாக இழுக்கும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. கடற்கரையில் வேலையைக் கெடுப்பது உப்பு. எந்தக் கம்பெனி வாங்குவது என்று யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது எங்கே வைப்பது என்பதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எவாப்பரேட்டரில் செம்புக் குழாய், அதன்மேல் அலுமினிய ஃபின், அதாவது மெல்லிய தகடுகள். இரண்டுக்கும் நடுவே உப்பீரம் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அலுமினியம்தான் முதலில் போகும். டார்ச் அடித்து ஃபினைப் பக்கவாட்டில் பார்த்தால், ஃபின் குழாயைத் தொடுகிற வளையத்தில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருக்கும். விரலால் தொட்டால் உதிரும். ஃபின் நிமிர்ந்துதான் நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும், ஆனால் குழாயோடு அதற்கு ஒட்டு விட்டுப்போயிருக்கும். காற்றின் சூடு குழாய்க்குள் போகாது. கம்ப்ரஸர் நாலு மணி நேரத்தில் முடிக்கிற வேலையை ஆறு, ஏழு மணி நேரம் இழுக்கும். அப்போதும் முடியாவிட்டால் உள்ளே இருக்கிற துணைக் காயில் தானாகச் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் எப்போதும்போல் சூடாகத்தான் வரும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மின்சார பில் வரும்போதுதான் தெரியும், அதற்குள் சில மாதம் ஓடியிருக்கும்.

அதனால் புதிதாக மாட்டின முதல் மாதமே ஒரு நாள் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பித்து எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்து வைக்கச் சொல்வேன். 270 லிட்டர் டேங்கை முழுக்கக் குளிரிலிருந்து ஏற்ற 14 யூனிட் சூடு வேண்டும். கம்ப்ரஸர் 1 கிலோவாட் இழுத்து 3.5 கொடுத்தால் சரியாக 4 மணி நேரம். அடுத்த வருஷம் அதே மாதம், அதே மாதிரி உபயோகத்தில் ஒரு மணி நேரம் கூடியிருந்தால் ஃபினைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இடத்துக்கு வருகிறேன். இங்கே கோடையில் பிற்பகல் ஆனால் வடகிழக்குக் கடற்காற்று. புயலோடு வருவது தெற்குக் காற்று. இரண்டுக்கும் முகம் காட்டாமல், வீட்டின் மேற்குப் பக்கத்தில் வைப்பதுதான் நல்லது. வீடே மறைப்பாக நிற்கும். ஆனால் மறைப்பு என்று நினைத்துக் கூரை நீட்டலுக்கு அடியில் ஆழமாகத் தள்ளிவிடுகிறார்கள், அது தப்பு. மழை படுகிற இடத்தில் உப்பை மழையே கழுவிவிடும். காற்று வந்து மழை வராத மூலையில் உப்பு படிந்து படிந்து ஏறும், இரவின் ஈரத்தில் கரைந்து வேலை செய்யும். வெயிலில் நிற்கிற கேட் சும்மா இருக்க, கூரைக்கடியில் இருக்கிற கீல் துருப்பிடிப்பதை அங்கே நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூரைக்கடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் கழுவுகிற வேலையை இரட்டிப்பாக்க வேண்டும்.

மூலையில் ஒடுக்கி வைத்தால் இன்னொரு தொல்லை. விசிறி வெளியே தள்ளுகிற குளிர்காற்று சுவரில் மோதித் திரும்பி அதே ஃபினுக்குள் நுழையும், பிறகு எவ்வளவு நல்ல யூனிட்டாக இருந்தாலும் சி.ஓ.பி. இறங்கிவிடும். கம்பெனி கொடுக்கிற இடைவெளியை ஒரு அங்குலம்கூடக் குறைக்கக்கூடாது. புரொப்பேன் யூனிட் என்றால் ஜன்னல், சாக்கடை வாய், தீப்பொறி வரக்கூடிய சாதனம் எல்லாவற்றிலிருந்தும் எவ்வளவு தள்ளி என்று தனி அளவே கொடுத்திருப்பார்கள். கசிந்தால் காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் போய்த் தேங்கும்.

கழுவுவது எளிதுதான், யாரும் செய்வதில்லை. ஐசொலேட்டரை, அதாவது யூனிட்டுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்சை, ஆஃப் செய்து, தோட்டத்துக் குழாயில் மெல்லிய பாய்ச்சலாக மேலிருந்து கீழே, எலக்ட்ரிகல் பெட்டிப் பக்கம் போகாமல் கழுவ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அலைக்கு எதிரே முதல் வரிசை வீடு என்றால் மாதம் ஒரு தடவை. பிரஷர் வாஷர் போட்டால் ஃபின் மடங்கிவிடும். ஆசிட் கலந்த கிளீனர் கூடவே கூடாது. தாங்கி, போல்ட், வாஷர் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 கொஞ்ச நாளிலேயே தேநீர்க் கறை மாதிரி பூக்க ஆரம்பிக்கும்.

வாரண்டித் தாளில் கடலுக்கு எவ்வளவு தூரம் என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அந்தத் தூரம் மாறும். உள் விரிகுடா ஓரமும் அலை உடைகிற கடற்கரையும் ஒன்றல்ல. உடைகிற அலையின் உப்புத்துளி பல நூறு மீட்டர் உள்ளே வரும். வீட்டு முகவரியைக் கொடுத்து, இந்த இடத்துக்கு வாரண்டி உண்டா என்று வாங்குமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நல்ல பக்கம் இடம் இல்லாத வீட்டுக்கு ஸ்ப்ளிட் மாடல் உண்டு. டேங்க் ஓரிடம், வெளி யூனிட் வேறிடம், நடுவே இன்சுலேஷன் போட்ட தண்ணீர்க் குழாய் அல்லது குளிரூட்டி வாயு போகிற கேஸ் பைப். கேஸ் பைப் என்றால் அந்த வேலைக்குத் தனி லைசென்ஸ் உள்ளவர்தான் கைவைக்கலாம்.

அடுத்தது நேரம். பழைய டேங்கின் இரவு சர்க்யூட்டிலேயே ஹீட் பம்பையும் கோர்த்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரவுதான் காற்று மிகக் குளிர்ந்த நேரம், ஆகவே அதே வேலைக்கு அதிக மின்சாரம். காயில் 4.8 கிலோவாட்டில் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்ததை ஹீட் பம்ப் மெல்லத்தான் முடிக்கும், நடுவில் சப்ளை நின்றால் காலையில் பாதி டேங்க் வெதுவெதுப்பு. சத்தமும் இருக்கிறது. இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வார நாளில் இரவு 10 மணிக்கு மேல் காலை 7 வரையும், சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்றால் காலை 8 வரையும் அடுத்த வீட்டு அறைக்குள் ஹீட் பம்ப் சத்தம் கேட்கக்கூடாது என்பது சட்டம். சுவிட்ச்போர்டில் எப்போதும் சப்ளை இருக்கிற சர்க்யூட்டுக்கு மாற்றி, டைமரில் காலை 10 முதல் மாலை 4 வரை ஓட விடுவதே சரி. கூரையில் சோலார் இருந்தால் இன்னும் நல்லது. கிரிட்டுக்கு விற்றால் கிடைக்கும் காசு, வாங்குகிற விலையில் சிறு பங்குதான். 1 கிலோவாட் கம்ப்ரஸர் என்பதால் மேகமூட்டமான நாளிலும் பெரும்பகுதியைச் சோலாரே தாங்கும்.

டேங்க் எப்போதும் 60 டிகிரி தொட வேண்டும். பில்லைக் குறைக்க 50-இல் வைப்பவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லீஜியனெல்லா பாக்டீரியா வளரும், அது நுரையீரலுக்கு ஆபத்து. ஆனால் குளியலறைக் குழாயில் 50 டிகிரிக்கு மேல் வரக்கூடாது என்பதும் விதி, பிள்ளைகள் வெந்துபோகாமல் இருக்க. இரண்டையும் சமாளிப்பது டெம்பரிங் வால்வு, பச்சைத் தண்ணீரைக் கலந்து கொடுக்கும். ஷவர் திடீரென்று வெதுவெதுப்பாகிவிட்டால் ஹீட் பம்பைக் குறை சொல்லுமுன் இந்த வால்வின் வடிகட்டியைத்தான் பார்க்க வேண்டும், மணல் அடைத்திருக்கும்.

டேங்கின் பக்கத்தில் நெம்புகோல் வைத்த ரிலீஃப் வால்வு, உள்ளே பிரஷர் கூடினால் தண்ணீரை வெளியே விடுவது. 270 லிட்டர் சூடாகும்போது 4 லிட்டர் போல விரியும், அது இதன் வழியாகச் சொட்டும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் சரி. நாள் முழுக்கக் குளிர்ந்த நீர் சொட்டினால் வால்வுக்குள் தூசி, அல்லது தெருக் குழாயின் பிரஷர் அதிகம், அந்தப் பிரஷரைக் கட்டுப்படுத்துகிற 500 கிலோபாஸ்கல் லிமிட் வால்வு சரியா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நெம்புகோலை மெல்லத் தூக்கி மெல்ல இறக்க வேண்டும். பட்டென்று விட்டால் சீட் கெட்டு ஒழுகும். ஃபினிலிருந்து வழிகிற தண்ணீருக்குத் தனி வடிகால். இங்குள்ள ஈரக்காற்றில் அது நிறையவே வரும், நடைபாதையில் விட்டால் பாசி பிடிக்கும்.

எனாமல் பூசிய ஸ்டீல் டேங்க் என்றால் உள்ளே ஆனோடு கம்பி. டேங்குக்குப் பதிலாகத் தான் கரைகிற கம்பி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை உருவிப் பார்த்து மாற்றினால் டேங்கின் ஆயுள் நீளும். கம்பி ஒரு மீட்டர் போல நீளம். தலைக்கு மேல் கூரை இடித்தால் உருவ முடியாது, அப்போது சங்கிலி மாதிரி மடங்குகிற கம்பி போட வேண்டும். இதையும் இடம் பார்க்கும்போதே யோசிக்கணும்.

மாட்டுகிற அன்று சொதப்புவது இரண்டு. படுக்கவைத்துக் கொண்டுவந்த யூனிட்டை உடனே ஓட்டுவது, கம்ப்ரஸர் எண்ணெய் இறங்க நேரம் கொடுக்காமல். இரண்டாவது, டேங்க் நிரம்புமுன் கரண்ட் கொடுப்பது. வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வந்தபிறகுதான் சுவிட்ச். இல்லையென்றால் துணைக் காயில் அப்போதே எரிந்துவிடும்.

இவ்வளவு யோசிக்க அவகாசம் வேண்டுமே, அதுதான் இங்கே பெரிய சிக்கல். டேங்க் வெடித்து ஒழுகிய அன்றைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். வெந்நீர் இல்லாத வீட்டில் யாரும் ஒரு வாரம் பொறுக்க மாட்டார்கள். வருகிற பிளம்பர் வண்டியில் இருக்கிற அதே மாதிரி காயில் டேங்கை மாட்டிவிட்டுப் போவார், இன்னும் பத்து வருஷத்துக்கு அதே பில். டேங்கின் ஒட்டுத்தாளில் தயாரித்த தேதி இருக்கும். எட்டு வருஷம் தாண்டியிருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவதுதான் சரி. நீங்கள் கேட்டீர்களே, நல்லா ஓடுகிறதை ஏன் கழற்றுகிறார்கள் என்று. காரணம் இதுதான்.

அரசாங்கச் சலுகையும் உண்டு. ஹீட் பம்ப் மிச்சம் பிடிக்கும் மின்சாரத்துக்குச் சான்றிதழ் கணக்கிட்டு, மாட்டுகிறவரே அந்தத் தொகையைப் பில்லில் கழித்துவிடுவார். திட்டம் 2030 வரை, சான்றிதழ் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும். இதைக் காட்டி, கிட்டத்தட்ட இலவசம் என்று வாசலுக்கே வந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்து பேர் வீட்டுக்கு 170 லிட்டர் டேங்கைத் தள்ளிவிடுவார்கள், நாள் முழுக்கத் துணைக் காயில்தான் ஓடும். நாலு பேருக்கு 250 முதல் 300 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், நிமிஷத்துக்கு 9 லிட்டர் ஷவர் என்றால்.

மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே ஃபாக்டரியிலேயே நீலப் பூச்சு போட்ட ஃபின் வருகிறது. ஆனால் பூச்சு ஃபினின் வெட்டு விளிம்பில் மெல்லிசாக இருக்கிறது, அரிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. துறைமுகப் பக்கமும் உப்பளப் பக்கமும் வெளி யூனிட்டுக்கு நீங்கள் எதைப் பூசுகிறீர்கள்? எத்தனை கை, எத்தனை மாதம் நிற்கிறது, காற்றோட்டத்தை எவ்வளவு குறைக்கிறது என்று எழுதுங்கள். பூசுமுன் உப்பை எப்படி எடுக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்